ரெண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எண்ணெய்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கடையிலே, ஒரே ஒரு தராசுக்குப் பின்னாலே ஒருத்தி இருந்தாளாம். ஊர் ஜனம் மாசத்துக்கு ஒருதரம் அவளைத் தேடி வருமாம். எறும்பு மட்டும் தினமும் வருமாம். என் கதையை அப்படித்தான் ஆரம்பிக்கணும் அம்மிணி. உட்காருங்க. மாடிச் சாவியை இங்கேதான் எங்கேயோ வைத்தேன், தேடி எடுத்துத் தருகிறேன். மாடி எங்கேயும் ஓடிவிடாது. கையில் வேலையாக இருக்கிறேன் பாருங்க, இதைப் பாதியில் விட்டால் எண்ணெய் தனியாகவும் சர்க்கரை தனியாகவும் பிரிந்து நின்றுவிடும்.

இது தின்கிறது இல்லை. முன்னமே சொல்லிவிடுகிறேன். போன வாரம் வீடு பார்க்க வந்த ஒருத்தர், நான் ஏதோ உருண்டை பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு விரலில் எடுத்து வாயில் வைத்துவிட்டார். வெறும் தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். மாடி நல்லா இருக்குதுங்க, வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். வீட்டுக்காரி என்ன சொன்னாளோ.

உடம்புக்குத் தேய்க்கிறது இது. ஸ்க்ரப் என்று எப்சிபா சொல்வாள். முன்னாடி மாடியில் குடியிருந்த பிள்ளை. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முன்னாடி குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்று தெரியணும் இல்லையா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் நினைப்பீங்க. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தண்ணீர் கஷ்டம் இல்லை. அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்க.

என் பேர் துளசிமணி. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை பார்த்தேன், முப்பத்தோரு வருஷம். பில் போடுகிறவர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். தராசு மட்டும் என் கையில். கல்யாணமா? பார்த்தார்கள். அப்புறம் பார்க்கவில்லை. மாடியைத் தம்பிக்கு என்று கட்டினோம், அவன் ஈரோட்டிலே மாமனார் ஊட்டுப் பக்கமே வீடு கட்டிக்கொண்டான். அது போகட்டும்.

இந்த ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சக்கரை வந்துருச்சா?" கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் மெதுவாக ஒரு குரல் வரும், அக்கா சக்கரை வந்துருச்சா என்று. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையிலிருந்து கேட்பார்கள். எங்கள் அப்பா இறந்த அன்றைக்கு ஒரு அம்மா வந்து என் தோளில் சாய்ந்து அப்படி அழுதது. போகும்போது வாசலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏம்மிணி, நாளைக்குச் சக்கரை போடுவீங்களா, இல்லை காரியம் முடிஞ்சுதானா என்று கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை அம்மிணி. என்னையும் ஒரு ஆளாக நினைத்துத்தானே கேட்கிறார்கள்?

ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். மறுநாள் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் என்னிடம் சர்க்கரையைப் பற்றி வாயைத் திறந்து கேட்டவர் டாக்டர் ஒருத்தர்தான். கால் மரத்துப்போகிறது என்று போயிருந்தேன். குனிந்து எழுதிக்கொண்டே, சக்கரை இருக்குதுங்களா என்றார். நான் பழக்க தோஷத்தில், இல்லீங்க, திங்கக்கிழமை வந்துரும்னு சொல்லிவிட்டேன். நர்ஸ் பிள்ளை சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் என்னவோ போல் இருந்தது.

சாவியா? தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். கையைக் கொடுங்க கொஞ்சம். அட, கொடுங்க. உங்கள் முழங்கை எப்படி வெடித்திருக்கிறது பாருங்க. எண்ணெய் உடுப்பில் படாது, துண்டு போட்டுக்கொள்ளலாம்.

இதில் கணக்கு ஒன்றே ஒன்றுதான். ரெண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எண்ணெய். சர்க்கரையை அப்படியே போட்டால் தோலைக் கீறிவிடும். மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு நிறுத்திவிட வேண்டும். மாவாகவும் ஆகக்கூடாது, ரவை பதம். எண்ணெய் செக்கில் ஆட்டினதாக இருந்தால் வாசம் தங்கும். வாசத்துக்குக் காய்ந்த ரோஜா இதழைக் கசக்கிப் போடலாம், ஆரஞ்சுத் தோலைப் பொடித்துப் போடலாம். முகத்தில் தேய்க்கக்கூடாது, புண் இருந்தால் தேய்க்கக்கூடாது. முக்கியமாக, டப்பாவுக்குள் ஈரம் படக்கூடாது. ஈரக் கையை விட்டோம் என்றால் உள்ளே இருக்கிறதெல்லாம் பாகாகிவிடும். இத்தனையும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

எப்சிபாவுக்குச் சொந்த ஊர் நாசரேத், திருச்செந்தூர்ப் பக்கம். இங்கே பல் டாக்டர் ஒருத்தரிடம் உதவிக்கு இருந்தாள். இருபத்தாறு வயசு இருக்கும். அந்தப் பேர் எனக்கு அப்போது வாயில் நுழையவில்லை. எப்சி என்பேன், எப்பிசா என்பேன், கடைசியில் அம்மிணி என்றே கூப்பிட்டுவிட்டேன்.

வந்த புதிதில் காலடிச் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் ஆறரைக்கு மேலே டக் டக் என்று நடப்பாள். குழாய் திறக்கும். நாற்காலி இழுபடும். உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகத் தெரியாது. தலைக்கு மேலே ஒரு ஆள் நடக்கிறது என்றால், நான் கீழே கரண்டியைப் போட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்கவும் ஒரு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சில நாள் வேண்டுமென்றே போடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள் கையில் டம்ளரோடு இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, கொஞ்சம் சீனி இருக்குமா?"

அவர்கள் பக்கம் சீனி என்பார்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள் அஸ்கா என்பார்கள், நாட்டுச் சர்க்கரையைத்தான் சக்கரை என்பார்கள். ரேஷன் கடைப் படி ஏறினால் மட்டும் அஸ்காவும் சக்கரை ஆகிவிடும். எந்தப் பேராக இருந்தால் என்ன? கேட்டாளே. ஒரு வருஷம் கழித்து ஒரு ஆள் என் வாசலில் வந்து கேட்டது. டப்பாவோடு எடுத்து வந்து டம்ளரில் கொட்டுகிறேன், அது நிறைந்து தரையில் வழிகிறது, நான் கொட்டிக்கொண்டே இருக்கிறேன்.

"போதும் ஆன்ட்டி, போதும்," என்றாள்.

போதும். யோசித்துப் பாருங்க. முப்பத்தோரு வருஷத்தில் என் கையைப் பார்த்து இந்த வார்த்தையை ஒருத்தரும் சொன்னதில்லை. கொஞ்சம் தட்டிப் போடுங்க, தராசு முள்ளு இன்னும் நடுவுக்கு வரலியே, சாக்கு மூலையில் இருக்கறதையும் சேர்த்துப் போட்டா என்ன குறைஞ்சு போச்சு, இதுதான் கேட்டுப் பழக்கம். இவள் போதும் என்கிறாள். எப்பேர்ப்பட்ட பிள்ளை, கொஞ்சம்கூட ஆசைப்படுகிற புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பிக்கா என்று கேட்டேன். இல்லை, கைக்கு என்றாள். நாள் முழுக்க உறை மாட்டி, கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, கை வறண்டு போய்விடுகிறதாம். வாங்க ஆன்ட்டி, செஞ்சு காட்டுறேன் என்று கூட்டிப் போனாள். அவளாகத்தான் கூப்பிட்டாள், இதையும் குறித்துக்கொள்ளுங்க. பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். சர்க்கரையை நான் அளந்தேன், எண்ணெயை அவள் ஊற்றினாள். கிண்டினது ரெண்டு பேரும் மாற்றி மாற்றி. அப்புறம் தண்ணீரில் என் கையை நனைத்து, ஒரு சிட்டிகை எடுத்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள்.

என் கையை ஒருத்தர் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. சாக்கு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. ரேகை ஓரத்தில் எல்லாம் கருப்பு, அது அழுக்கா தோலா என்று எனக்கே தெரியாது. கழுவினதும் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல இருந்தது. அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கை இப்பத்தான் ஆன்ட்டி வெளிய வருது," என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். எதற்கு அவ்வளவு நேரம் சிரித்தோம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அதற்கு அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அடுத்த சனிக்கிழமையே கடைவீதிக்குப் போய் மூடி போட்ட டப்பாக்கள் வாங்கி வந்தேன். வாரம் ஒரு தினுசு. ஒரு வாரம் ரோஜா, ஒரு வாரம் காப்பித்தூள், ஒரு வாரம் நாட்டுச் சர்க்கரையிலேயே செய்து பார்த்தேன், அது இன்னும் மெதுவாக இருந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது என்று நல்லெண்ணெய். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் தேதி எழுதி, சனிக்கிழமை சாயங்காலம் படியேறிக் கொடுத்துவிடுவேன். அவள் வாங்கிக்கொண்டு, நல்லா இருக்கு ஆன்ட்டி என்பாள். நாலைந்து வாரம் கழித்து, போதும் ஆன்ட்டி, போன வாரம் குடுத்ததே அப்படியே இருக்கு என்றாள். மறுபடியும் அந்த வார்த்தை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்தா இருக்கட்டும் அம்மிணி, உன் பங்கை எதுக்கு விடறே என்றேன். ரேஷனில் ஒரு மாதம் வாங்காமல் விட்டால் அது போனது போனதுதான். அது எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளைக்குத் தெரியுமா?

ரேஷன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்கிறேன், சிரிப்பீங்க. அப்பப்போ மேலிடத்திலிருந்து கடைக்கு உப்புப் பாக்கெட்டை இறக்கிவிடுவார்கள். விற்றுத் தீர்க்க வேண்டும். அதனால் நாங்கள் சக்கரை வாங்குகிறவர்களுக்கு உப்பும் சேர்த்துத்தான் போடுவோம். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதமும் சக்கரைக்கு எங்களிடம்தானே வரணும். தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால், எதிரே பாலத்துக் கட்டைமேல் உப்புப் பாக்கெட் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒட்டினது பிரியாமல், அப்படியே. எனக்கு எரிச்சலாக வரும். வேண்டாம்னா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன கடிக்கவா போறேன் என்று பில் போடுகிறவரிடம் சொல்வேன். அவர் சிரிப்பார்.

இந்தக் கையை இப்படி வையுங்க. வட்டமாகத் தேய்க்கணும், அழுத்தக்கூடாது. வலிக்கவில்லையே?

சனிக்கிழமை டப்பா கொடுத்தால் மட்டும் போதுமா, அவளுக்குத் தேய்த்துவிட யார் இருக்கிறார்கள்? அதனால் சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு மாடிப் படி அடியில் உட்கார்ந்திருப்பேன். ஏறப் போகிறவளைப் பிடித்து உட்கார வைத்து ரெண்டு கையும் தேய்த்துவிடுவேன். அன்றைக்கு அவள் எனக்குச் செய்தாள் இல்லையா, அதைத் திருப்பிச் செய்ய வேண்டாமா? ஒருநாள் சர்ச்சிலிருந்து சிநேகிதப் பிள்ளைகள் ரெண்டு பேர் கூட வந்திருந்தார்கள். அவர்களுக்கும் தெரியட்டும் என்று அவர்கள் முன்னாலேயே கையைப் பிடித்துத் தேய்த்தேன். அதுகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. எப்சிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வெட்கம். நாலு பேர் முன்னால் பாசம் காட்டினால் வெட்கப்படுகிற பிள்ளை.

அப்புறம் அவளுக்கு வேலை கூடிவிட்டது. ஆறரைக்கு வருகிறவள் ஏழுக்கு வந்தாள், ஏழரைக்கு வந்தாள். வருவதே தெரியாது. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகப் படியேறுகிறாள். எனக்கு அப்படியே உருகிவிட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடக்கூடாதாம். ஏழரை மணிக்கு யார் தூங்குகிறார்கள் அம்மிணி? ஆனாலும் அந்த அக்கறை. மறுநாளிலிருந்து நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேல்படியிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று.

ஒரே ஒரு தடவை மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாடிக்கு ரெண்டு சாவி. ஒன்று குடியிருக்கிறவர்களிடம், ஒன்று என்னிடம். இந்த ஸ்க்ரப் தேய்த்தால் குளியலறைத் தரையில் எண்ணெய் படிந்து வழுக்கும். பிள்ளை தனியாக இருக்கிறது, விழுந்து வைத்தால் யார் பார்ப்பது? அவள் வேலைக்குப் போன பிறகு என் சாவியில் திறந்து, சீயக்காய்த் தூளைப் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். தரையில் வழுக்கலே இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுவினேன். அந்த வாரத்து டப்பாவைக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த துணியை மடித்துவைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கீழே வந்தாள். செருப்பு காலில்தான் இருந்தது.

"ஆன்ட்டி, நான் இல்லாதப்போ வீட்டைத் திறந்தீங்களா?"

உன் வீடு என்ன, என் வீடு என்ன, எல்லாம் ஒண்ணுதானே அம்மிணி என்றேன். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் என்றால் சொல்லியிருப்பாள் இல்லையா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன கடிக்கவா போகிறேன்?

ரெண்டு வாரம் கழித்து, ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாசரேத்துக்கே போகிறேன் என்று சொன்னாள். தாயைப் பார்க்கப் போகிற பிள்ளையைத் தடுக்க முடியுமா? அவளுடைய அம்மாவுக்கு என்று பெரிய டப்பாவாக ஒன்று செய்தேன், ஆரஞ்சுத் தோல் போட்டு. ஆட்டோ வந்து நிற்கிறது, நான் டப்பாவை நீட்டுகிறேன். வாங்கிக்கொண்டாள். என் கையைத் திருப்பி உள்ளங்கையை ஒருதரம் பார்த்தாள். "கையைப் பாத்துக்கிடுங்க ஆன்ட்டி," என்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. பிரிய மனசே இல்லை பிள்ளைக்கு.

அப்படித்தான் காலி செய்தாள். வேறு ஒரு காரணமும் இல்லை.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் இருக்கும், சந்தையில் வெங்காயக் குவியல் பக்கம் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அதே உயரம், அதே பின்னல். கையில் பை, பையில் பல் படம் போட்டிருந்தது, அந்த டாக்டர் கொடுக்கிற பை. எப்சி என்று கூப்பிட்டேன். அது திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு, கடைக்கு நிழலாகக் கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. வெயில் அப்படி. கண்ணைக் கூசியிருக்கும், என்னைத் தெரிந்திருக்காது. இல்லை, அவளைப் போலவே இன்னொரு பிள்ளையாக இருக்கும். பல் டாக்டரிடம் எத்தனையோ பேர் போகிறார்கள், எல்லாருக்கும்தானே பை கொடுப்பார்கள்? அவள்தான் நாசரேத்தில் இருக்கிறாளே. அவளுடைய அம்மாவுக்கு உடம்பு இப்போது தேவலையா என்று தெரியவில்லை. போன் அடித்தால் மணி போகிறது.

மாடியை நான்தான் சுத்தம் செய்தேன், ஆள் விடவில்லை. ஒரு ஆணி அடித்தது இல்லை, ஒரு கறை இல்லை. நீங்களே பார்க்கப் போகிறீங்க. நாற்காலி போட்டு ஏறிப் பரணை எட்டிப் பார்த்தால் என் டப்பாக்கள். அத்தனையும். நான் எழுதின தேதி வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கி, எறும்பு வராமல் சுற்றி மஞ்சள்தூள் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு என்று கொடுத்தேனே பெரிய டப்பா, அதுகூட வரிசையின் கடைசியில் இருந்தது. ஆட்டோவில் ஏறினவள் எப்போது இறங்கி வந்து வைத்தாளோ. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று ஒருதரம் மேலே ஓடினாள், அப்போதாகத்தான் இருக்கும். ஒன்றிலும் டேப் பிரியவில்லை. நான் ஒட்டினது ஒட்டினபடி.

எனக்கு நாற்காலியிலிருந்து இறங்கவே மனசு வரவில்லை. எத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாள் பார்த்தீங்களா. கரைந்துவிடக்கூடாது, தீர்ந்துவிடக்கூடாது என்று. திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்? அந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. எங்கே என்று யோசித்தேன், வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. முதல் முதலில் ரெண்டு பேருமாகச் செய்தோமே, ஊறுகாய் பாட்டில், அது மட்டும் பரணில் இல்லை. அடுப்படியில், தொட்டி ஓரத்தில், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடி வரைக்கும் வழித்து எடுத்துத் தீர்த்திருக்கிறாள், ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அதில் விசேஷமாக ஒன்றும் போடவில்லையே. ரோஜாவா, ஆரஞ்சா? வெறும் சர்க்கரையும் எண்ணெயும். அதற்கு அப்புறம் செய்ததெல்லாம் அதைவிட எவ்வளவோ நன்றாக வந்தது. அது மட்டும் ஏன் காலி என்று நானும் அஞ்சு மாதமாக யோசிக்கிறேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா அம்மிணி? நீங்கள் படித்தவங்க.

சரி விடுங்க. இந்தக் கை முடிந்தது, அந்தக் கையைக் கொடுங்க. இன்னும் ஒரு சிட்டிகை வைத்து…

என்ன சொன்னீங்க?

போதும்ங்களா.

நீங்கள் எந்த ஊர்? கோயமுத்தூர்ப் பக்கம் என்றா சொன்னீங்க? அவளும் போதும் என்று இப்படித்தான் சொல்வாள். மெதுவாக, கையை இழுக்காமல். அவள் ஒருநாளும் கையை வெடுக்கென்று இழுத்ததில்லை.

போதும்.

சரிங்க. நிறுத்திவிட்டேன். இதோ விட்டுவிட்டேன் பாருங்க. அந்தச் செம்பில் தண்ணீர் இருக்கிறது, நீங்களே ஊற்றிக் கழுவிக்கொள்ளுங்க. நான் ஊற்றவில்லை.

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இத்தனை நேரம் தேடினேன் என்று நினைத்தீங்களா? இந்தாங்க. மாடிக்கு நான் வரவில்லை, நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாங்க. பரணில் டப்பா இருக்கும், எடுத்துவிடுகிறேன். வேண்டும் என்றால் எடுத்துவிடுகிறேன்.

என்ன அதற்குள் இறங்கிவிட்டீங்க. காற்று வருகிறது இல்லையா? ஜன்னல் ரெண்டு பக்கமும். யோசித்துச் சொல்கிறீங்களா. யோசிங்க, நல்லா யோசிங்க. வாடகையில் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் அம்மிணி, இன்னொன்று. இது ரெண்டாவது சாவி. நீங்கள் வருவதாக இருந்தால் ரெண்டையுமே நீங்களே வைத்துக்கொள்ளுங்க. என்னிடம் வேண்டாம். இதை இதற்கு முன்னால் வந்தவங்க ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை. ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

டப்பா ஒன்று கொண்டுபோகிறீங்களா? வேண்டாமா. சரி. வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டீங்களே, அது நல்லது.

கேட் கொக்கியைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுக்கணும். ஆமாம், அப்படித்தான். சாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பேரைக் கேட்கவே இல்லையே அம்மிணி.

காதில் விழவில்லை போல. என் குரலும் மெதுவான குரல். எப்சிபா என்று இப்போதெல்லாம் தப்பில்லாமல் வருகிறது எனக்கு, தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துப் பழகிவிட்டேன். இந்தப் பிள்ளை பேரும் சீக்கிரம் வந்துவிடும், சொன்னால்.

பால் பூத்தைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இதோ நிற்கிறது. வலது கையை முகத்துப் பக்கம் தூக்குகிறது. மோந்து பார்க்கிறதா, துப்பட்டாவில் துடைக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

கையை இறக்கிவிட்டது. நடக்கிறது. முக்கில் திரும்பிவிட்டது.